சாரமும் சாரனும்

“சாரனல்லேடா நீ?” என்று எஸ்.ஐ. கேட்டார்.

“ஆமா சார், சாரந்தான்” என்றான் எங்கள் அண்ணன் சவரிமுத்து.

நான் ஸ்டேஷன் வராந்தாவில் தூக்குச்சட்டியோடு நின்றிருந்தேன். சட்டியில் கஞ்சி, மேலே இலையில் காணப்பயறுத் துவையல். ஜன்னல் வழியாக அண்ணனின் முதுகு தெரிந்தது. எஸ்.ஐ.யின் முகம் முழுசாகத் தெரிந்தது. கதவோரம் மப்டியில் நின்ற போலீஸ்காரனின் பாதி முகம் தெரிந்தது. உள்ளே நனைந்த கம்பளி வாடை.

“எத்ர காலமாயி?”

“சின்ன வயசுலேருந்தே சார். எங்கப்பாவுக்கும் சாரந்தான். ஞாயித்துக்கெழம பூசைக்கு மட்டும் வேட்டி.”

எஸ்.ஐ. பேனாவை நிறுத்தினார். பிறகு வேகமாக எழுதினார்.

“ஆரு தன்னு?” யார் தந்தது என்று கேட்டார்.

“வெள்ளக்காரச் சாமியாரு சார். போன கிறிஸ்மஸுக்கு.”

“வேறே ஆரொக்கெ உண்டு?”

“எங்க லயத்துல எல்லாருந்தான் சார். இருவத்திநாலு வீடும்.”

எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலை பறிக்க மலை ஏறி, லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருப்பவர்கள். இடுப்பில் கட்டும் கைலிக்கு எங்கள் பேச்சில் சாரம் என்று பெயர். அண்ணனைக் காலையில் வீட்டிலிருந்து அப்படியே கூட்டி வந்துவிட்டார்கள். நீலக் கட்டம் போட்ட சாரம்தான் இடுப்பில். பெரிய ஆபீசருக்கு முன்னால் சாரத்தோடு நின்றதற்குத்தான் திட்டுகிறார்கள் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். கூச்சத்தில் எனக்குச் சிரிப்புகூட வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன், சிரித்தேன்.

எஸ்.ஐ. கடற்கரைப் பக்கத்து ஆள். மலைக்கு வந்து மாதம் ஒன்று ஆகியிருக்காது. தமிழ் தெரியாது. கதவோரம் நின்ற மப்டிக்காரனுக்குத் தமிழ் தெரியும். அவன் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். அது இருமல் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

மலையாளத்தில் சாரன் என்றால் உளவாளி.

என்ன இருக்கிறது உளவு பார்க்க

போன வாரம் இந்தப் பத்திரிகையில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார், தேயிலைத் தோட்டத்தில் உளவு பார்க்க என்ன அம்மா இருக்கிறது என்று. நியாயமான கேள்வி. இந்தக் கேள்வியை கவர்மெண்டிடம் யாராவது கேட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

எங்கள் தோட்டம் தேவிகுளத்திலிருந்து நடக்கிற தூரம். தோட்டத்தின் பெயரையும் அந்த ஸ்டேஷனின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் மறுபடியும் ஒருத்தன் பெஞ்சில் வந்து உட்காருவான்.

பெஞ்சு என்றால் ராவுத்தர் சாயாக்கடை பெஞ்சு. ராவுத்தருக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே. கோயமுத்தூர்க்காரர் மாதிரி பேசுவார். அவருடைய கடையில்தான் மப்டிக்காரன் விடிந்ததும் வந்து உட்காருவான். யூனியன் ஆட்கள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்ப்பது அவன் வேலை. ஆட்சி மாறியது. மந்திரிகள் மாறினார்கள். பெஞ்சு மாறவில்லை.

மப்டி என்றால் யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது. இவனுக்குச் சட்டை எங்களுடையது மாதிரி, வேட்டி எங்களுடையது மாதிரி. காலில் மட்டும் கருப்புத் தோல் பூட்ஸ், பாலீஷ் போட்டது. கையில் கடிகாரம்.

“ஏனுங்க ஏட்டையா, இன்னிக்கு யாரப் புடிக்கப் போறீங்க?” என்று ராவுத்தர் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்பார்.

“ஞான் ஏட்டல்ல ராவுத்தரே. ஏலக்காய் ஏவாரம்” என்பான் அவன்.

“அப்புடீங்களா. ஏலக்கா இன்னிக்கு என்ன வெலைங்க?”

அவனுக்குத் தெரியாது. பெஞ்சில் இருக்கிற எல்லோரும் கிளாசுக்குள்ளேயே சிரிப்பார்கள். இந்த ஆளை வைத்துத்தான் மலை முழுவதையும் கண்காணித்தார்கள்.

மழை எழுதுகிறவன்

அண்ணனுக்கு இடது கால் சின்ன வயதிலேயே முறிந்து, சரியாகக் கூடவில்லை. சரிவில் நிற்க முடியாது. அதனால் ஆபீஸ் முற்றத்து வேலை கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று மழை அளப்பது. புல்தரையில் ஒரு செம்புக் குழாய் நட்டிருக்கும். தினமும் காலையில் அதில் விழுந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குப்பியில் ஊற்றிப் பார்த்து, இத்தனை இஞ்ச், இஞ்சில் நூறில் ஒரு பங்கான சென்ட் இத்தனை என்று ஆபீஸ் புத்தகத்தில் எழுத வேண்டும்.

அண்ணன் ஆபீஸ் புத்தகத்தில் எழுதுவதோடு விடமாட்டான். தனக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்து அதிலும் எழுதுவான். தேதி போட்டு, மழை போட்டு, பக்கத்தில் ‘மைனா வந்தது’, ‘பிலோமினாவுக்குக் காய்ச்சல்’ என்று கண்டதையும் எழுதுவான். பிலோமினா நான்தான்.

ரஷ்யாக்காரன் உருண்டையை வானத்தில் விட்ட சமயம் அது. சாயாக்கடையில் பேப்பரை ஒருவர் படிக்க, எல்லோரும் கேட்டார்கள். புது நிலா என்றார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மழை பார்க்கப் போன அண்ணன் ஓடி வந்தான். அந்தக் காலோடு ஓடி வந்தான்.

“ஏட்டி பிலோ, எந்திரி. நச்சத்திரம் ஒண்ணு நடந்து போவுது.”

நான் கம்பளியை விலக்கிப் பார்ப்பதற்குள் அது மலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. அவன் முகத்தைத்தான் பார்த்தேன். அது போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து அதையும் எழுதினான். வடமேற்கிலிருந்து தென்கிழக்கு என்று ஒரு அம்புக்குறி. எத்தனை மணிக்கு என்று எழுத அவனிடம் கடிகாரம் இல்லை. லயத்தில் யாரிடமும் இல்லை. துரை பங்களாவில் உண்டு. இன்னொன்று மப்டிக்காரன் கையில்.

அதனால் தினமும் காலையில் சாயாக்கடைக்கு எதிரே நின்று கேட்பான். “சார், மணி என்ன சார்?”

மப்டிக்காரனும் கையைத் தூக்கிப் பார்த்துச் சொல்வான். அண்ணன் அங்கேயே நின்று எழுதிக்கொள்வான்.

நோட்டில் இருந்த மணி எல்லாம் அந்த போலீஸ்காரன் சொன்ன மணி. பிறகு அதே நோட்டைக் கொண்டுபோய், ‘மணிக்கணக்கும் அம்புக்குறியும் ரகசிய எண்களும் எழுதி வைத்திருக்கிறான்’ என்று ரிப்போர்ட் கொடுத்ததும் அதே போலீஸ்காரன்தான். ரகசிய எண் என்றது மழையை. இரண்டு இஞ்ச், பத்து சென்ட்.

வேறு எதையும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. மாதம் முடிந்தால் மேலே ஏதாவது எழுதியாக வேண்டும். என் அண்ணனை எழுதிவிட்டான்.

மேலே போன கண்கள்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் அண்ணன் போன பிறகு, வானத்தைப் பற்றி எந்தப் பேப்பரில் வந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். ராவுத்தர் கடையில் வடை கட்டிக் கொடுக்கிற பேப்பரைக்கூட விடுவதில்லை.

முதலில் பலூனாம். அமெரிக்காக்காரர்கள் வீடு பெரிசுக்குப் பலூன் செய்து, அடியில் காமிராப் பெட்டி கட்டி, ரஷ்யா பக்கம் காற்று வீசும் காலம் பார்த்து அவிழ்த்துவிட்டார்கள். ரஷ்யாக்காரன் விழுந்ததையெல்லாம் பொறுக்கி, பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுப் பரப்பிக் காட்டினான். என்ன இது என்று கேட்டதற்கு அமெரிக்காவில் சொன்ன பதில், மேகத்தைப் படம் எடுக்கிறோம் என்று.

அவர்கள் மழை பார்க்கிறோம் என்று சொல்லி உளவு பார்த்தார்கள். அதை உலகம் கேட்டுக்கொண்டது. என் அண்ணன் மழைதான் பார்த்தான். அதற்கு உளவு என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு ரஷ்யாவின் உருண்டை. அது எதையும் பார்க்கவில்லை, வெறுமனே கீக் கீக் என்று கத்திக்கொண்டு சுற்றியது என்கிறார்கள். அடுத்ததில் ஒரு நாயை ஏற்றி அனுப்பினார்கள். திரும்பி வர வழி வைக்காமல் அனுப்பினார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள்.

இப்போது அமெரிக்காவின் முறை. இரண்டு துருவத்துக்கும் மேலாகச் சுற்றும் ஒன்றை விட்டு, அதிலிருந்து ஒரு கூடையைக் கீழே போட்டார்களாம். கூடை பனிக்கட்டி தேசத்தில் எங்கேயோ விழுந்து காணாமல் போய்விட்டதாம். உள்ளே என்ன என்று கேட்டால், எலி மாதிரி ஒரு கருவி என்கிறார்கள். நிஜ எலிகூட இல்லை. ஆராய்ச்சியாம். எங்கள் கொழுந்துக் கூடையில் நாலு முற்றல் இலை கிடந்தால் வேலை வாங்குகிற கண்டக்டர் சாயங்காலம் வரை ஏசுவார். இவர்கள் கூடையையே தொலைத்துவிட்டு விஞ்ஞானம் என்கிறார்கள். இதை வாசித்தபோது ராவுத்தர் சொன்னார்:

“எலிக்காகவா அம்மிணி இத்தன ஒசரம் போவாங்க? படம் புடிக்கத்தானுங்க. நம்ம பெஞ்சைத்தான் மேல தூக்கிட்டுப் போயிருக்காங்க.”

இன்னும் கொஞ்ச வருஷத்தில் தெருவில் நடக்கிறவனை வானத்திலிருந்தே பார்க்கலாம் என்று ஒரு பேப்பரில் ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். பார்க்கட்டும். ஐந்தடி தூரத்தில் நின்று, அண்ணன் முகத்தை நேராகப் பார்த்து, அவன் வாயால் சொன்னதைக் கேட்டே ஒரு கைலியை உளவாளி என்று எழுதினார்கள். அத்தனை உயரத்திலிருந்து என்னத்தைப் பார்த்து என்னத்தை எழுதப் போகிறார்களோ.

கான்

இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. மூன்றாம் நாள் தமிழ் தெரிந்த மேலதிகாரி ஒருவர் வந்தார். எழுதியதைப் படித்தார். அண்ணன் இடுப்பைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்து, வீட்டுக்குப் போகச் சொன்னார். சிரித்தவர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை. நோட்டையும் திருப்பித் தரவில்லை.

அந்தத் தாளின் நகல் ஒன்று எங்களுக்கு முன்னால் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கண்டக்டர், அதாவது எங்கள் டிவிஷனில் வேலை பிரித்துக் கொடுக்கிறவர், அண்ணனை மறுநாள் கூப்பிட்டார்.

“ஒம் பேருல போலீசுக் காகிதம் வந்திருக்குடே. இனி ஆபீசுப் பக்கம் ஒன்ன வச்சா தொர என்னையத்தான் கேப்பாரு. நாளையிலேருந்து கான் வெட்டப் போ.”

கான் என்பது மழைத்தண்ணீர் இறங்க மலைச்சரிவில் வெட்டும் வாய்க்கால்.

“சரிவுல எனக்குக் காலு நிக்காதே சார்.”

“காலுதான நிக்காது. கண்ணு நல்லாத்தான இருக்கு. நச்சத்திரம் பாக்குத கண்ணு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அவன் எதற்கும் அப்படித்தான் சிரிப்பான். அவனுடைய அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மழை அளக்கும் வேலை கண்டக்டரின் மச்சினனுக்குப் போனது. அவன் குழாய்ப் பக்கமே போகமாட்டான். வாரக் கடைசியில் ஏழு நாளைக்கும் சேர்த்து மனசுக்குத் தோன்றியதை எழுதிவிடுவான்.

அண்ணன் கான் வெட்டப் போன மூன்றாவது வாரம், மேலே இருந்து மண் இறங்கியது. மற்றவர்கள் ஓடினார்கள். அவனால் முடியவில்லை. தோண்டி எடுத்தபோது வாய்க்குள் மண் இருந்தது. நான்தான் விரலால் எடுத்தேன்.

அடக்கம் முடிந்து ஆபீசுக்குப் போனபோது, விபத்துப் புத்தகத்தில் எழுதியிருந்ததைக் கண்டக்டர் படித்துக் காட்டினார். ‘மழை இல்லை. தரை காய்ந்திருந்தது. ஆளின் கவனக்குறைவு.’

“என்ன சார் இது. நாங்க எல்லாரும் நனஞ்சுக்கிட்டுல்லா கொழுந்தெடுத்தோம்.”

“மழப் புத்தகத்துல முட்டை போட்டிருக்கு தாயி. புத்தகம் சொல்லுததுதான் கணக்கு. நீங்க பத்துப் பேரு சேந்து சொன்னா மழ ஆயிருமா?”

முதலில் உளவாளி. பிறகு கவனமில்லாதவன். வாழ்நாள் முழுக்க ஒரு சென்ட் மழையைக்கூடத் தவறவிடாதவனுக்குக் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அந்த வார்த்தையை அடிக்க வைக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். எப்படி என்று தெரியவில்லை.

அனியத்தி

சாரன் என்ற சொல்லின் அர்த்தம் எனக்கு அடக்கத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ராவுத்தர் சொன்னார்.

“மலையாளத்துல சாரம்னா சாம்பலுங்க அம்மிணி. சாரன்னா ஒற்றன். உங்கண்ணன் கைலியச் சொல்லியிருக்கான், அவுங்க ஒற்றன்னு எழுதியிருக்காங்க.”

அன்றைக்கு வராந்தாவில் நான் சிரித்தது ஞாபகம் வந்தது. அந்தச் சொல்லை இனி என் வாயால் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். வீட்டில் அவனுடைய சாரத்தைக்கூடத் துணி என்றுதான் சொல்லுவேன். அது இப்போதும் பெட்டியில் இருக்கிறது. துவைக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, அண்ணன் கையெழுத்து ஒன்றாவது வீட்டில் இருக்கட்டும் என்று அந்த நோட்டைக் கேட்கப் போனேன். ஸ்டேஷனில் எல்லாம் புது முகங்கள். மப்டிக்காரனை வேறு எங்கோ மாற்றியிருந்தார்கள். ரைட்டர் மட்டும் மேஜையில் இருந்தார்.

“சவரிமுத்து நோட்டு சார். எங்கண்ணன்.”

அவர் அலமாரியைக் குடைந்தார். “அங்ஙனெ ஒரு பேரில்ல.” அப்படி ஒரு பெயரே இல்லையாம்.

“நாப்பது பக்க நோட்டு. மழ எழுதுனது.”

“மழயோ? மழக்கு இவிடெ ஃபைலில்ல கொச்சே.”

எழுந்து போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் போகவில்லை. அந்த அலமாரிக்குள் என் அண்ணன் எந்தப் பெயரில் கிடக்கிறான் என்று எனக்குத் தெரியும். சொன்னால் கிடைக்கும். சொல்லாவிட்டால் இல்லை.

“சாரன்டெ நோட்டு” என்றேன்.

“ஓ, நம்முடெ சாரன்” என்று ரைட்டர் முகம் மலர்ந்தார். அந்தக் கதை ஸ்டேஷனில் இன்னும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முதல் காகிதக் கட்டிலேயே நோட்டு கிடைத்தது. கேஸ் முடிந்துபோன விஷயம், கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள் என்றார். வாங்குபவர் யார் என்ற இடத்தில் அவரே எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். படித்துக் காட்டினார்.

“சாரன்டெ அனியத்தி.”

உளவாளியின் தங்கை. அதன் கீழே என் பெயரைத் தமிழில் எழுதினேன்.

மீதிப் பக்கங்கள்

வழியில் ஓடைக் கல்லில் உட்கார்ந்து பிரித்தேன். அண்ணன் எழுத்து பாதி நோட்டு வரைதான். அதற்குப் பிறகும் தேதிகள் போய்க்கொண்டே இருந்தன. வேறு கை. மலையாள எழுத்து. எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. நேராக ராவுத்தர் கடைக்குப் போனேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

“நம்ம ஏலக்கா ஏவாரியோட கையெழுத்துங்க இது. உங்கண்ணன் எழுதுனது நெசந்தானான்னு பாத்து எழுதச் சொல்லி மேல இருந்து ஆர்டராம். மொதப் பக்கத்துலயே போட்டிருக்கான்.”

உளவாளி என்று பிடித்துக் கொடுத்தவனையே, தினமும் விடியுமுன் எழுந்து, அதே வானத்தைப் பார்த்து, அதே நோட்டில் எழுத வைத்திருக்கிறார்கள். குளிரில், பாலீஷ் போட்ட பூட்ஸோடு. ராவுத்தர் ஒவ்வொரு நாளாகப் படித்தார். ‘கண்டு.’ ‘மஞ்ஞு, கண்டில்ல’, அதாவது பனிமூட்டம், பார்க்கவில்லை. ‘கண்டு.’ ‘கண்டில்ல.’ இரண்டாவது உருண்டையும் எரிந்து தீர்ந்துபோய் இரண்டு மாதம் ஆன பிறகும் எழுதியிருக்கிறான், கண்டில்ல, கண்டில்ல என்று. போதும் என்று அவனிடம் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை போல.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, முன்னால் உள்ள பக்கங்களில் அண்ணன் மேல் மண் சரிந்த அந்தத் தேதி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

ராவுத்தர் விரலை வைத்துத் தேடினார். விரல் நின்றது. சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“வெளுப்பினு முதல் பெருமழ. ஒன்னும் கண்டில்ல.”

விடியும்போதிருந்து பெருமழை. ஒன்றும் பார்க்கவில்லை.

மறுநாள் அந்தப் பக்கத்தை விரித்துக் கண்டக்டர் மேஜையில் வைத்தேன். அவர் மலையாளம் படிப்பார். படித்தார். நோட்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“இது அந்தச் சாரன் நோட்டுல்லா. இத நம்பி ஆபீசுப் புத்தகத்தத் திருத்தச் சொல்லுதியா?”

“ஆமா சார். சாரன் எழுதுனதுதான். ஆனா எழுதுனவன் எங்கண்ணன் இல்ல. கவர்மெண்டு வச்ச சாரன். நீங்க காகிதம் வாங்கி நம்புனீங்களே, அவன்தான்.”

அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். வெளியே கொழுந்து நிறுக்க மணி அடித்தது. போ என்றார்.

விபத்துப் புத்தகத்தில் கவனக்குறைவு என்ற அந்த வார்த்தை இன்னும் இருக்கிறது. அடிக்கவில்லை. அதனால் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன், இதையும் ஒரு புத்தகத்தில் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு விடியும்போதிருந்தே மழை பெய்தது.